நூற்பவர் யார், வடிவமைப்பவர் யார்? ஜவுளிக் கல்வியில் தொடரும் சாதிப் பிரிவினை

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையவிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமாக அறிவிக்கப்பட்ட 7 பூங்காக்களுள் இதுவும் ஒன்று. நூற்பு, நெசவு, சாயம், ஆயத்த ஆடை ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் நடைபெறும் என்றும், தென் மாவட்ட இளைஞர்களுக்குப் பெருமளவில் வேலை கிடைக்கும் என்றும் ஒன்றிய, மாநில அரசுகள் கூறிவருகின்றன. வேலை கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. யாருக்கு எந்த வேலை கிடைக்கும் என்பதே கேள்வி. நூற்பாலையின் இரவுப் பணிக்கு யார் செல்வர்? துணியின் வண்ணத்தையும் கோலத்தையும் தீர்மானிக்கும் அறையில் யார் அமர்வர்? இதற்கான விடை பூங்காவின் வாயிலில் எழுதப்படுவதில்லை. அது ஜவுளி வடிவமைப்பும் ஜவுளித் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்வி நிறுவனங்களின் சேர்க்கைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே, இட ஒதுக்கீடு குறித்த நமது விவாதங்களில் மருத்துவமும் பொறியியலும் சட்டமும் பெறும் கவனத்தில் ஒரு பகுதியையேனும் ஜவுளிக் கல்வி பெறவேண்டும். தலித் மக்களின் உழைப்பு இத்துணை ஆழமாகப் பதிந்துள்ள தொழில்கள் சிலவே. அவற்றுள் அறிவும் உழைப்பும் இத்துணைத் தெளிவாகப் பிரிக்கப்பட்ட தொழில் ஜவுளி.

நாடாவும் எச்சிலும்

இப்பிரிவினைக்கு நூற்றாண்டு வரலாறு உண்டு. பம்பாய் ஆலைகளில் தலித் தொழிலாளர்கள் நூற்புப் பிரிவில் வேலை செய்தனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. காரணம் எளியது. நாடாவில் உள்ள தார் தீர்ந்ததும் புதிய தாரை வைத்து, அதன் நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைக்க நேரும். தலித் ஒருவரின் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். ஆலை முதலாளிகள் அம்மறுப்பை ஏற்று நடந்துகொண்டனர்.

1928-ஆம் ஆண்டு பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடைபெற்றபோது அண்ணல் அம்பேத்கர் இச்சிக்கலை எழுப்பினார். தலித் தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவில் பணியாற்றும் உரிமை வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று சங்கத் தலைவர்களிடம் வலியுறுத்தினார். பெரும் தயக்கத்திற்குப் பின்னரே அவர்கள் அதற்கு இணங்கினர். முதலாளியை எதிர்த்து ஒன்றுபட்டு நின்ற தொழிலாளர்களும் நாடாவின் முன் பிரிந்து நின்றனர் என்பதே அந்த வேலைநிறுத்தம் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

அகமதாபாத்தில் இதைவிடக் கொடிய முரண் நிகழ்ந்தது. குஜராத்தில் வண்கர் என்னும் சாதியினர் பட்டியல் சமூகத்தினர். அப்பெயருக்கே நெசவாளர் என்பதுதான் பொருள். தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்த அச்சமூகத்தினர் அகமதாபாத் ஆலைகளுக்குள் நுழைந்தபோது நெசவுப் பிரிவு அவர்களுக்கு மூடப்பட்டது. நூற்புப் பிரிவே அவர்களுக்கு உரியதாயிற்று. நெசவாளர் என்று பெயர் தாங்கியவர்கள் நெசவுக்கு அருகிலும் செல்லக்கூடாதவர் ஆயினர்.

தமிழ்நாட்டிலும் நெசவு என்றவுடன் கைக்கோளர், தேவாங்கர், சௌராஷ்டிரர், பத்மசாலியர் ஆகியோரே நினைவுக்கு வருகின்றனர். இம்மாநிலத்தின் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் கோலியர் என்னும் பெயர் இருப்பதைப் பலர் அறியார். தஞ்சைப் பகுதியில் முரட்டு வெள்ளைத் துணி நெய்தவர்கள் என்று ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் இவர்களைக் குறிக்கின்றன. பட்டு நெய்தவர்களின் வரலாறு பாடநூலிலும் அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. முரட்டுத் துணி நெய்தவர்களின் வரலாறு சாதிச் சான்றிதழில் மட்டும் எஞ்சியது.

ஒரே துணிக்கு இரண்டு வாயில்கள்

இனி இன்றைய கல்வி நிறுவனங்களைப் பார்ப்போம். ஜவுளிக் கல்வி இரு கிளைகளாக நடைபெறுகிறது. ஒன்று ஜவுளித் தொழில்நுட்பம். சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றிலும் பல சுயநிதிக் கல்லூரிகளிலும் இது பொறியியல் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பட்டயப் படிப்பை நடத்துகிறது. மற்றொன்று ஜவுளி வடிவமைப்பு. 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1986-இல் தில்லியில் தொடங்கப்பட்டு 1995-இல் சென்னைக்கு வந்த நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறையின் முன்னணி நிறுவனங்கள். அண்மைக் காலத்தில் தனியார் பல்கலைக்கழகங்களும் பெருமளவில் இத்துறைக்குள் நுழைந்துள்ளன.

தொழில்நுட்பத்தின் வாயில் தமிழ்நாட்டில் ஓரளவு திறந்திருக்கிறது. அது தானாகத் திறக்கவில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, அதற்குள் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, சுயநிதிக் கல்லூரிகளில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் அரசாணை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைத் திறந்தன. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டிற்கு அடிப்படையான உள் வகைப்பாட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. பிளஸ் டூ மதிப்பெண், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, முன்பணம் கேட்காத கட்டணம் என்னும் மூன்றும் சேரும்போது நூற்பாலைத் தொழிலாளியின் பிள்ளை ஜவுளிப் பொறியாளராக முடிகிறது.

வடிவமைப்பின் வாயிலில் இம்மூன்றும் இல்லை. ஒன்றிய அரசின் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடங்கள் உண்டு. இருக்கைகள் எண்ணி வைக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. அந்த இருக்கை வரை நடந்து செல்லும் வழியைத்தான் நாம் ஆராய வேண்டும்.

தேர்வு எதை அளக்கிறது?

நிஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்புப் பட்டப் படிப்பிற்கு மூன்று கட்டத் தேர்வு நடைபெறுகிறது. படைப்பாற்றல் தேர்வுக்கு 50 விழுக்காடு, பொதுத் திறன் தேர்வுக்கு 30 விழுக்காடு, கையில் தரப்படும் பொருள்களைக் கொண்டு மாதிரி செய்து காட்டும் சூழ்நிலைத் தேர்வுக்கு 20 விழுக்காடு என மதிப்பெண் பகிரப்படுகிறது. பொதுத் திறன் தேர்வில் ஆங்கிலப் புரிதலும் ஒரு பகுதி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது.

2024 முதல் இத்தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. அதே முகமை மருத்துவத்துக்கான நீட் தேர்வையும் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்துகிறது. இயற்பியலையும் உயிரியலையும் தமிழில் கேட்க முடிந்த முகமைக்கு, ஒரு சேலையின் முந்தானைக்கு என்ன வண்ணம் பொருந்தும் என்பதைத் தமிழில் கேட்க இயலாது என்று கூறுவது நகைப்பிற்குரியது. ஆங்கிலம் தெரிந்தவருக்கே அழகுணர்ச்சி உண்டு என்னும் எண்ணத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் தென்படவில்லை. இது தமிழ்வழியில் படித்த அனைவரையும் தாக்குகிறது. எனினும் அரசுப் பள்ளியைத் தவிர வேறு வழியற்ற தலித் மாணவரையே மிகுதியாகத் தாக்குகிறது.

படைப்பாற்றல் தேர்விற்கும் பயிற்சி தேவை. பெருநகரங்களில் இதற்கெனத் தனிப் பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. பென்சில் நிழல் தீட்டுவது எப்படி, படத்தில் ஆழத்தைக் காட்டுவது எப்படி, கேட்ட கருத்தை ஒரே தாளில் அடுக்குவது எப்படி என்று அங்கே கற்பிக்கப்படுகிறது. ஓவிய ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத அரசுப் பள்ளியில் படித்த மாணவி இத்தேர்வில் காட்டுவது படைப்பாற்றலின் குறைவை அன்று, பயிற்சியின் குறைவை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத தேர்வு, செல்வத்தைத் திறமை எனக் கணக்கிடுகிறது.

கைவினைஞர் அடையாள அட்டை உடையோருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் நிஃப்ட் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அந்த அட்டை கைத்தறி, கைவினைத் தொழில் செய்வோருக்கு உரியது. நூற்பாலையில் 20 ஆண்டுகள் நூல் அறுந்த இடத்தைக் கண்ணால் கண்டு விரலால் முடிந்த பெண் கைவினைஞர் அல்லர். அவர் வெறும் கூலி. எவருடைய கை கலைஞரின் கை, எவருடைய கை கூலியின் கை என்று பிரித்த அந்தப் பழைய கோடு இன்றும் அழியவில்லை.

கட்டணம் என்னும் கதவு

நான்கு ஆண்டு வடிவமைப்புப் படிப்பிற்கு நிஃப்ட் போன்ற ஒன்றிய அரசு நிறுவனத்திலேயே கல்விக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விடுதி, மடிக்கணினி, வடிவமைப்பு மென்பொருள், துணி, சாயம், நூல், கண்காட்சிச் செலவு ஆகியவை தனி. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் கைக்காசில் பொருள் வாங்கியே படைப்பை உருவாக்க வேண்டும். மலிவான துணியில் செய்த படைப்பும் விலையுயர்ந்த பட்டில் செய்த படைப்பும் ஒரே மேசையில் மதிப்பிடப்படுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் தாய் என்னைத் தேடி வந்தார். திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர், அருந்ததியர், நூற்பாலைத் தொழிலாளி. மகள் அரசுப் பள்ளியில் படித்து, ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் ஜவுளிப் பிரிவில் இடம் பெற்றிருந்தாள். முதற் பருவக் கட்டணத்தைச் சில நாள்களுக்குள் செலுத்த வேண்டும். தாய் தமது வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் கோரி விண்ணப்பித்தார். பணம் வருமுன் காலக்கெடு முடிந்தது. இடம் அடுத்த சுற்றில் வேறொருவருக்குச் சென்றது. நான் கடிதம் எழுதினேன். விதிப்படி நடந்ததாகப் பதில் வந்தது. நீதிமன்றம் செல்லலாம் என்றேன். வகுப்புகள் தொடங்கிவிட்டன, இனிப் போய் எப்படி அம்மா உட்காருவேன் என்று தாயிடம் கேட்டாளாம் மகள்.

நான் மறக்கவியலாத செய்தி இதன் பிறகுதான் உள்ளது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் 2021-இல் திருத்தப்பட்டன. முன்பணம் செலுத்த இயலாத மாணவருக்கு ஃப்ரீஷிப் கார்டு என்னும் அட்டையை மாநில அரசு வழங்கலாம். அதைக் காட்டி மாணவர் முன்பணமின்றிச் சேரலாம். உதவித்தொகை வந்தபின் கட்டணம் செலுத்தலாம் என்பதே அதன் சாரம். அந்த அட்டை குறித்து அம்மாணவிக்கு எவரும் கூறவில்லை. பள்ளியும் கூறவில்லை, நிறுவனமும் கூறவில்லை. சட்டம் படித்த நானும் அப்போது அறிந்திருக்கவில்லை. உரிமை இருந்தது. உரியவளுக்கு அது சென்று சேரவில்லை.

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதனையொத்த வழக்கு ஒன்றைத் தீர்த்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றும் 17,500 ரூபாயைக் காலக்கெடுவிற்குள் செலுத்த இயலாததால் அதை இழந்தார். தந்தை தினக்கூலித் தொழிலாளி. அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்கு இடம் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆயினும் 142-ஆம் பிரிவு ஒரு தனி மனிதருக்கு நீதி வழங்கும் வழி. அது விதியை மாற்றுவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் படியேற முடிந்தவருக்கு இடம் கிடைத்தது. ஏற முடியாதவர்களின் எண்ணிக்கையை எவரும் கணக்கெடுக்கவில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் மோசம். அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு வழங்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது. எனினும் நாடு முழுவதற்குமான சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. அத்தகைய சட்டம் வேண்டும் என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. வடிவமைப்புக் கல்வி நாள்தோறும் தனியார் கைக்குச் சென்றுகொண்டிருக்கிறது.

ஆலையின் மறுபக்கம்

இக்கல்வியின் மறுபக்கத்தில் யார் இருக்கின்றனர் என்பதையும் காண வேண்டும். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே மொத்தத் தொகை தரப்படும் என்று வேலை வாங்கப்பட்டனர். நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள், இப்பெண்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதைப் பதிவு செய்தன. 2021 தொடக்கத்தில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதன்பின் தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவாயிற்று. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டிற்கும் எதிராகப் பன்னாட்டு ஆடை நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது.

கைத்தறியின் நிலையும் இதிலிருந்து வேறன்று. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 31.45 இலட்சம் நெசவாளர் குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுகின்றன. வடிவமைப்பு மாணவர்கள் கல்வியின் ஒரு பகுதியாக நெசவுச் சிற்றூர்களுக்குச் சென்று தங்கி, தறியையும் கோலத்தையும் ஆவணப்படுத்துகின்றனர். அந்த ஆவணம் நூலகத்திற்குச் செல்கிறது. மாணவர் பட்டம் பெறுகிறார். தறியில் அமர்ந்து விளக்கியவரின் மகள் அந்நூலகத்தில் நுழைவதில்லை. அறிவைக் கொடுத்தவர் தகவலாளர் ஆகிறார். பெற்றவர் வடிவமைப்பாளர் ஆகிறார்.

இவ்வாறுதான் நடக்கவேண்டும் என்பதில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் 2005-இல் கலாரக்ஷா வித்யாலயாவும், 2014-இல் சோமையா கலா வித்யாவும் கைவினைஞர்களுக்கே வடிவமைப்பைக் கற்பிக்கத் தொடங்கின. உள்ளூர் மொழியில், தொழிலை விட்டு விலகாமல், சில வாரப் பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. அங்கே பயின்றோரில் வண்கர் நெசவாளர்களும் உள்ளனர். அகமதாபாத் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே பெயரினர் இன்று தம் பெயரிலேயே சால்வைகளை வடிவமைத்து விற்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் அங்கே கிடைப்பதில்லை என்பது குறை. ஆயினும் நெசவாளருக்கு வடிவமைப்புக் கற்பிக்க இயலுமா என்னும் கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகள் தமிழ் உள்ளிட்ட அனைத்து மொழிகளிலும் நடத்தப்பட வேண்டும். நீட் தேர்வுக்கு உள்ள மொழி ஏற்பாடு நிஃப்ட் தேர்வுக்கும் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும்.

இரண்டாவதாக, ஃப்ரீஷிப் கார்டு ஒவ்வொரு சேர்க்கை அறிவிப்பிலும் முதற் பக்கத்தில் இடம்பெற வேண்டும். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பட்டியல் சாதி மாணவரின் இடத்தைக் கட்டணம் வரவில்லை என்னும் ஒரே காரணத்தால் நீக்கக்கூடாது என்று ஜவுளி அமைச்சகம் தன் கீழுள்ள நிறுவனங்களுக்கு ஆணையிட வேண்டும். தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்துறை, பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் முன்பே இந்த அட்டையைப் பள்ளியிலேயே வழங்கலாம்.

மூன்றாவதாக, விவரங்கள் வெளிவர வேண்டும். எத்தனை பட்டியல் சாதி மாணவர்கள் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு ஜவுளிக் கல்வி நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வடிவமைப்புக் கல்வியில் ஜூரி எனப்படும் நடுவர் குழுவே மாணவரை நேரில் நிறுத்தி மதிப்பிடுகிறது. அக்குழுவில் அமர்வோர் யார், எந்த அளவுகோலின்படி மதிப்பெண் அளிக்கின்றனர் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எவரும் கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையைப் பொது நிறுவனங்களுக்கு விதித்துள்ளது. அவை வெளியிடாவிடில் நாம் கேட்க வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் வழக்கறிஞர்களும் மாணவர் அமைப்பினரும் இவ்வாண்டே ஆளுக்கொரு விண்ணப்பம் அனுப்பலாம்.

நான்காவதாக, 15(5) பிரிவின்கீழ் தனியார் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தும் ஒன்றியச் சட்டம் வேண்டும்.

ஐந்தாவதாக, விருதுநகர் பூங்காவை ஒட்டி அரசு ஜவுளி வடிவமைப்புக் கல்லூரி ஒன்றைத் தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் சேர்க்கை, தமிழ்வழிக் கல்வி, 69 விழுக்காடு இட ஒதுக்கீடு ஆகியவற்றுடன், ஆலையிலும் தறியிலும் பணியாற்றிய பெண்களுக்கு அனுபவத்தின் அடிப்படையில் தனி இடங்களும் வேண்டும். பூங்காவிற்கு நிலமும் நீரும் சாலையும் பொதுப்பணத்தில் தரப்படும்போது கல்லூரியும் தரப்படலாம்.

1928-இல் நெசவுப் பிரிவின் கதவை மூடியது ஒரு நாடாவின் துளை. வாயால் உறிஞ்ச வேண்டிய நாடா பின்னர் ஆலைகளிலிருந்து மறைந்தது. கருவி மாறினால் தீண்டாமையும் மறையும் என்று நம்பியவர்கள் அன்று இருந்திருக்கலாம். இன்று அந்தத் துளையின் இடத்தில் ஆங்கில வினாத்தாளும் முன்பணச் சீட்டும் உள்ளன. இவற்றைத் தீண்டாமை என்று எவரும் அழைப்பதில்லை. விளைவு மட்டும் மாறவில்லை.

திண்டுக்கல் மாணவி இப்போது அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் ஆடை வடிவமைப்பில் இளங்கலை படிக்கிறாள். விடுமுறை நாள்களில் ஆயத்த ஆடை ஆலைக்குச் செல்கிறாள். வேறு யாரோ வரைந்த கோலத்தின்படி அங்கே துணியை வெட்டித் தைக்கிறாள். அவளுக்கு அடுத்து வருபவளின் கையில் அந்த அட்டை இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.